எட்டத்தில் இருந்தவர்கள்

வேலாமணி யாரையும் பார்த்துச் சிரிக்கமாட்டாள் என்பதுதான் லைனில் அவளைப் பற்றி எல்லோரும் சொன்ன முதல் குறை.

குன்னூரிலிருந்து பர்லியார் பக்கம் இறங்கும் சரிவில் இருந்தது அந்த எஸ்டேட். லைன் என்று சொல்லும் தொழிலாளர் வீடுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றன. நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாயடியில் நிற்பவர்கள் வாசலில் நிற்பவளைப் பார்த்துச் சிரித்தால் அவளும் சிரிக்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. வேலாமணி அவர்கள் முகத்தை நேராகப் பார்த்தபடி சிரிக்காமல் நிற்பாள். கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே ‘ராங்கிக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு அந்த முகங்கள் தெரியவில்லை. கை நீட்டித் தொடும் தூரத்துக்கு அப்பால் இருந்ததெல்லாம் அவளுக்கு வெறும் நிறங்கள். நகர்கிற நிறம் ஆள். நகராத நிறம் சுவர், அல்லது மரம். சேலையின் நிறம், செருப்பின் சத்தம், இருமல், குரல் இவற்றை வைத்துத்தான் இன்னார் என்று பிடித்துக்கொள்வாள். எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் இருக்கிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தாள். மற்றவர்கள் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள், அந்த மங்கலுக்குள்ளிருந்து ஆளைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

சிறுவயதில் அவள் படித்தது வேறொரு எஸ்டேட்டின் பள்ளிக்கூடத்தில். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்வார். தன் முறை வந்தால் வேலாமணி எழுந்து வாயை மூடிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் அவர் அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மூக்கு பலகையில் உரசும்படி நிறுத்தினார். எழுத்து தெரிந்தது. கடகடவென்று வாசித்துவிட்டாள். அதற்குத்தான் அன்றைக்கு அதிகமாக அடி விழுந்தது. “இவ்வளவு நாளும் என்னைக் கேனையன்னு நெனச்சியா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அடி வாங்குவதற்கு வாசிக்காமல் இருந்தாலும் ஒன்றுதான், வாசித்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

பெரியவளான பிறகு, வெலிங்டனில் கண் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூட்டாளிப் பெண்களோடு போய் வரிசையில் நின்றாள். எப்படியோ தகவல் தெரிந்து அம்மா வந்துவிட்டாள். பாதி வரிசையில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கண்ணாடி போட்ட புள்ளைய எவன் கட்டுவான்? நட ஊட்டுக்கு.”

பெண் பார்க்க வந்த அன்று அம்மா அவள் காதில், “நீலச் சட்டை போட்டவருதான் மாப்பிள்ளை, அவருக்கு மொதல்ல குடு” என்று மட்டும் சொன்னாள். வேலாமணி நீல நிறத்தை நோக்கி நடந்து காப்பியைக் கொடுத்தாள். தலைகுனிந்து, அடிமேல் அடி வைத்து வந்ததை எல்லோரும் அடக்கம் என்றார்கள்.

மாப்பிள்ளை குமாரசாமி எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் பிரிவில் வேலை செய்தான். கல்யாணமான சில நாளில் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற அவனுடைய சித்தப்பாவை அவன் என்று நினைத்து, சாப்பிட வரச் சொல்லித் தோளைத் தொட்டுவிட்டாள். அன்று இரவு குமாரசாமி அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. தன் விரல்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்து, “இப்பத் தெரியுதா? இப்ப?” என்று கேட்டுக்கொண்டே போனான். சுவரில் முதுகு முட்டுவதற்கு வெகு முன்பே அவளுக்கு விரல்கள் மறைந்துவிட்டன. அவன் சிரித்தான். யாரிடமும் சொல்லவில்லை. அதை அவள் பெரிய கருணை என்று எடுத்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்த இன்னொருத்தி எதிர் வரிசையில் குடியிருந்த பொன்னாயி. வேலாமணியைவிட நாலைந்து வயது மூத்தவள், புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை இல்லை. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது வேலாமணி தடுமாறுவதைப் பார்த்து அவளாகவே முன்னால் நடக்கத் தொடங்கினாள். “கல்லு கெடக்குது. இந்தப் பக்கம் பள்ளம். இங்க வழுக்கும், பாத்து” என்று சொல்லிக்கொண்டே போவாள். வேலாமணி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். வருடக்கணக்கில் இப்படி நடந்தார்கள். பொன்னாயக்கா இல்லாவிட்டால் தன் பிழைப்பு என்ன ஆகும் என்று வேலாமணி பலமுறை நினைத்திருக்கிறாள்.

மலையில் செடிக்கு முன்னால் நின்றுவிட்டால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கிட்டத்தில் இருப்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கொழுந்தின் முனையில் இருக்கும் மெல்லிய ரோமம்கூடத் தெரியும். தேயிலைக்கு விலை இறங்கத் தொடங்கிய பிறகு இது அவளுக்கே வினையாக வந்தது. முற்றிய இலையைப் பறித்தால் ஃபேக்டரியில் எடுக்கமாட்டார்கள் என்று உத்தரவு வந்தபோது, மேஸ்திரி ஜஸ்டஸ் எடை போடுகிற இடத்தில் எல்லோருக்கும் முன்பாக வேலாமணியின் கொழுந்தை அள்ளிக் காட்டினார்.

“இதப் பாருங்க. இப்படிப் பறிக்க முடியாதுன்னா நாளையில இருந்து ஊட்லயே இருந்துக்குங்க.”

மற்ற பெண்களின் இலையைக் கீழே கொட்டிப் பொறுக்கச் சொன்னார். குனிந்து பொறுக்கியவர்கள் ராங்கிக்காரியை அன்றிலிருந்து அதிகமாக வெறுத்தார்கள்.

விலை இறங்கிக்கொண்டே போனது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. குன்னூர் ஏலத்தில் தூள் விற்காமல் தேங்குகிறது என்றார்கள். சின்னத் தோட்டக்காரர்கள் இலையைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிட்டார்கள். எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. கூரைத் தகரம் ஓட்டையானால் மாற்ற ஆள் வரவில்லை. டிஸ்பென்சரியில் இருந்த கம்பவுண்டர் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். அவருக்குப் பதிலாக வேறு யாரும் வரவில்லை. சாவி ஜஸ்டஸிடம் இருந்தது. லைனில் பூட்டிய கதவுகள் அதிகமாயின. போனவர்கள் எல்லோரும் திருப்பூருக்குப் போனதாகச் சொன்னார்கள்.

அந்த ஐப்பசி மழையில்தான் வேலாமணியின் வலது கண்ணுக்குள் மின்னல் வெட்டத் தொடங்கியது. கண்ணை மூடினாலும் ஓரத்தில் வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. பிறகு கொசுக்கூட்டம்போலக் கரும்புள்ளிகள் பறந்தன. அவள் கையால் விசிறி விரட்டிப் பார்த்தாள். இரண்டொரு நாளில் மூக்கின் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத்துணி மெல்ல இழுத்துக்கொண்டு வந்தது. வலியே இல்லை. அதனால் அவள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜஸ்டஸ் டிஸ்பென்சரியைத் திறந்து அலமாரியில் மிச்சம் கிடந்த சொட்டு மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“கோயமுத்தூர் போய்ப் பாக்கணுங்க மேஸ்திரி. லீவு வேணும்” என்றாள்.

“லீவா? ஆளைக் கொறைக்கச் சொல்லி மேல இருந்து தெனமும் கேக்கறாங்க. நீயாப் போய்ப் பேரக் குடுக்கறியா? சொட்டு விடு, சரியாப் போகும்.”

குமாரசாமியிடம் சொன்னாள். “தீபாவளி கழியட்டும்” என்றான். “உனக்கு எப்பவும் தெரியாத கண்ணுதானே, இப்ப என்ன புதுசா?”

பொன்னாயி வந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்து மூன்று வேளையும் சொட்டு விட்டாள். கறுப்புத்துணி நடுவுக்கு வந்து, நடுவையும் தாண்டி, தீபாவளிக்கு முதல் நாள் வலது கண் முழுவதையும் மூடிவிட்டது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இங்கே ஆகாது என்று கோயமுத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் இருட்டறைக்குள் உட்கார்த்தி வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா இளம்பெண். குரலில் களைப்பு இருந்தது.

“எப்ப இருந்து இப்படி இருக்கு?”

“மழை புடிச்சப்ப இருந்துங்க.”

“கண்ணுக்குள்ள பின்னாடி ஒரு ஜவ்வு இருக்கும்மா. அது கழண்டு போச்சு. ஆரம்பத்துல, அந்த மின்னல் அடிச்சப்பவே வந்திருந்தா ஒட்டியிருக்கலாம். இப்ப ஆபரேஷன் பண்ணினாலும் பார்வை வராது.” அடுத்த கண்ணுக்கு வெளிச்சத்தைத் திருப்பினார். “இந்தக் கண்ணுலயும் பவர் எவ்வளவு இருக்கு. ஸ்கூல் போற வயசுலயே கண்ணாடி போட்டிருக்கணும். வருஷா வருஷம் காட்டியிருந்தா, இந்த மாதிரி ஆகும்னு முன்னாடியே சொல்லியிருப்போம். இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

வேலாமணிக்கு அந்தக் கேள்வி பள்ளிக்கூடத்து வாத்தியாரின் குரலில் கேட்டது. எழுந்து நிற்க வேண்டுமோ என்று தோன்றியது.

டாக்டரம்மா குமாரசாமியைப் பார்த்தார். “உங்களுக்கும் தெரியாதா?”

“தெரியுங்க. அவளுக்கு அது பழகிருச்சுங்க.”

“பிள்ளைங்க இருக்கா? அவங்களுக்குப் பாத்தீங்களா?”

“ஒரு பொண்ணுங்க. அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்றான் அவன்.

இடது கண்ணுக்குக் கண்ணாடி எழுதினார்கள். பாட்டில் அடிபோலக் கனமான கண்ணாடி. வலது பக்கத்துக்குச் சும்மா ஒரு கண்ணாடித் துண்டு. போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினாள். மின்கம்பங்களுக்கு நடுவே கம்பி ஓடுகிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கம்பங்கள் தனித்தனியாக நிற்கின்றன, மின்சாரம் மண்ணுக்கடியில் போகிறது என்று நினைத்திருந்தாள். பர்லியார் தாண்டி பஸ் வளைந்து ஏறும்போது எதிர்மலையில் ஒரு தோட்டத்தைப் பார்த்தாள். வெகு தூரத்தில், கை அகலத்துக்குத் தெரிந்த பச்சைக்குள் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். ஒருத்தி கூட்டத்தை விட்டு விலகிப் போய்ச் செடிமறைவில் உட்கார்ந்தாள்.

இத்தனை தூரத்திலிருந்து இதெல்லாம் தெரிகிறது. தன் கண்ணில்தான் குறை என்று தெரிந்த பிறகும்கூட, தனக்கு யாரும் தெரியாத இடத்தில் தானும் யாருக்கும் தெரியமாட்டோம் என்றே வேலாமணி வாழ்நாள் முழுக்க நம்பியிருந்தாள். பத்தடி தள்ளிப் போய்விட்டாலே மறைவு என்று நினைத்து மலையில் ஒதுங்கியிருக்கிறாள். கொல்லைப்பக்கம் தட்டிக்கு வெளியே நின்று குளித்திருக்கிறாள், சேலை மாற்றியிருக்கிறாள். எதிர் லைனில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டஸ் பார்த்திருக்கிறார். ஒருவர்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த புருஷனும் சொல்லவில்லை, முன்னால் நடந்து கல்லையும் பள்ளத்தையும் சொல்லிய பொன்னாயியும் சொல்லவில்லை.

குன்னூரில் இறங்கியதும் குமாரசாமி, “லைன்ல இதப் போட்டுட்டுத் திரியாதே. சிரிப்பாங்க” என்றான். அவள் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்துவிட்டு, சும்மா கண்ணாடியை எடுத்து மாட்டி வாசல் பக்கம் பார்த்தாள். அடுப்படி இருட்டு, வெளியே நல்ல வெயில். முற்றத்தில் குமாரசாமி நின்றிருந்தான். எதிர் வாசலில் பொன்னாயி உட்கார்ந்திருந்தாள். குமாரசாமி கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணை இடுக்கி, கையை முன்னே துழாவிக்கொண்டு இரண்டடி நடந்தான். கால் இடறியதுபோல நடித்தான். பிறகு ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அதே மாதிரி நடந்தான். இது புதிதாகச் சேர்த்தது. பொன்னாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவன் தலையை ஃபேக்டரிப் பக்கம் லேசாக ஆட்டினான். அவள் கண்ணை ஒருதரம் மூடித் திறந்து சம்மதம் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தமே இல்லை.

பழகிய கைகளின் லாகவம் அதில் இருந்தது. நேற்று இன்று தொடங்கியதல்ல என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவள் வாசலில் நின்று பொன்னாயக்காவோடு பேசிய எத்தனையோ மாலைகளில், பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு முன்னால் இது நடந்திருக்கிறது.

வேலாமணி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அன்று மட்டுமல்ல, அதற்கடுத்த நாட்களிலும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து பார்த்தாள். தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தாள். காலையில் பொன்னாயி வந்து, “வா கண்ணு, போலாம்” என்று கூப்பிட்டால் கண்ணாடியை மடியில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அந்த நாட்களில் அவள் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. மகள் தாரிணிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்காக வேலாமணியே அவளை விளக்குமாற்றால் அடித்திருக்கிறாள். ஒருநாள் மகளை முற்றத்தின் கடைசியில் நிறுத்தி, “பொன்னாயி பெரிம்மா இப்ப என்ன செய்யறாங்க, சொல்லு” என்று கேட்டாள். தாரிணி கண்ணை இடுக்கினாள். “செவப்பா இருக்காங்கம்மா” என்றாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் அவளைக் குன்னூருக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டாள்.

அன்று ராத்திரி குமாரசாமி சாப்பிட உட்கார்ந்தவன் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

“ஒரு குருடி போதாதுன்னு புள்ளைக்கும் மாட்டி விட்டுட்டியா? நாளைக்கு இவள எவன் கட்டுவான்?”

வேலாமணி தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். லைனுக்குத் திரும்பிய பிறகு அவன் முன்னால் அவள் அதை மாட்டியது அதுதான் முதல் தடவை.

“என்னைய மாதிரி நடந்து காட்டுங்க. பாக்கலாம்” என்றாள்.

அவன் கை சோற்றில் அப்படியே நின்றது.

“என்ன ஒளர்றே?”

“பொன்னாயக்காவுக்கு மட்டுந்தான் காட்டுவீங்களா? ரெண்டு கண்ணும் போன மாதிரி ஒண்ணு, ஒத்தக் கண்ணு மாதிரி ஒண்ணு. நல்லாத்தான் இருந்துச்சுங்க.”

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “கண்ணாடி வந்ததும் வாயும் வந்திருச்சு” என்று சொல்லி வெளியே போனான். மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தன்னை அவள் பார்க்கிறாள் என்பதை அவனால் தாங்க முடியவில்லை என்பது அதன் பிறகு தெரிந்தது. சாப்பிடும்போது திரும்பி உட்கார்ந்தான். முற்றத்தில் நிற்பதை விட்டுவிட்டான். தையில் ஃபேக்டரியை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது திருப்பூரில் சாயப்பட்டறை வேலை இருக்கிறது என்று கிளம்பினான். ஃபோன் பண்ணுகிறேன் என்றான். பண்ணவில்லை. பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தியோடு அங்கே குடித்தனம் நடத்துகிறான் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அவன் பொன்னாயியிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் போயிருந்தான். சில நாள் அவள் கதவைத் திறக்கவே இல்லை. திறந்து வெளியே வந்தபோது வேலாமணியைக் கூப்பிட வரவில்லை. குழாயடியில் சத்தமாகப் பேசத் தொடங்கினாள். “சோடாபுட்டி மூஞ்சிய வெச்சுட்டு ராவும் பகலும் உத்து உத்துப் பாத்தா எவன் குடித்தனம் பண்ணுவான்? தொரத்தி விட்டது இவதான்.” மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். வேலாமணி வாசலிலேயே நின்று கேட்டாள். இப்போது ஒவ்வொரு முகமும் தெரிந்தது. யார் யார் சிரிக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

அவள் தனியாக மலைக்குப் போக ஆரம்பித்தாள். நடக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்வாள். பறிக்கும்போது அது தொந்தரவு. கிட்டத்தில் உள்ளதெல்லாம் சின்னதாகித் தள்ளிப்போய்விடும். அதனால் கழற்றி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வாள். இது எல்லோருக்கும் தெரியும்.

மாசியில் ஒருநாள் காலை. பனி விலகிக்கொண்டிருந்தது. வேலாமணி மேல்பாதையில் நின்று கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். கீழே ஓடைப்பக்கம் சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. ஒற்றை ஆண். கரிய உடம்பு பாறைபோல இருந்தது, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. காட்டெருமை அந்தத் தோட்டத்தில் அதிசயமல்ல. கூட்டமாக வந்தால் சத்தம் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். ஒற்றையாக நிற்பதுதான் ஆபத்து. கீழ்ப்பாதையில் பொன்னாயி விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிவந்தாள். தலைச்சுமையோடு பார்வை தரையில் இருந்தது. பாதை நேராக அந்த மரங்களுக்குத்தான் வந்தது.

ஒரு குரல் கொடுத்தால் போதும். இத்தனை வருடம் பொன்னாயி அவளுக்குக் கொடுத்த அதே மாதிரி ஒரு குரல். வேலாமணிக்கு வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பொன்னாயியின் நெற்றியில் வேர்வை மின்னுவதுகூட அவளுக்குத் தெரிந்தது. எருமை காதை முன்னால் திருப்பியது தெரிந்தது. கடைசி வளைவில் பொன்னாயி எதேச்சையாகத் தலையைத் தூக்கினாள். முதலில் மேலே நின்ற வேலாமணியைத்தான் பார்த்தாள். வெயில் பட்டுக் கண்ணாடி பளிச்சென்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எருமையைப் பார்த்தாள். அதற்குள் அது தலையைத் தாழ்த்திவிட்டது.

விறகு சிதறிய சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். தகரம் தட்டி விரட்டினார்கள். எஸ்டேட் ஜீப் டிரைவரை வேலையை விட்டு நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. இலை ஏற்றும் லாரியில் சாக்கை விரித்துப் பொன்னாயியைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. இடுப்பெலும்பு பிழைக்கவில்லை.

வனத்துறை ஆட்கள் விசாரிக்க வந்தபோது வேலாமணியும் பக்கத்தில்தான் இருந்தாள் என்று யாரோ சொன்னார்கள்.

“கண்ணாடி கழுத்துல தொங்கிட்டிருந்துச்சுங்க” என்றாள் அவள். “எனக்கு ஒண்ணும் தெரியலைங்க.”

“பாவம், ஒத்தக் கண்ணு. அதுவும் மங்கல்” என்றார் ஜஸ்டஸ். “தெரிஞ்சிருந்தாக் கத்தியிருக்கமாட்டாளா? என்ன சண்டை இருந்தாலும் பொன்னாயிக்கு இவளத் தவிர யாரு இருந்தா?”

பெண்கள் வந்து அவள் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள். அந்த லைனுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் இரக்கம் அதுதான். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

பொன்னாயியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து வீட்டில் போட்டார்கள். எழுந்து உட்காரவும் முடியாது. உறவென்று காரமடையில் ஒரு அண்ணன். அவன் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனவன்தான். அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒருநாள் கஞ்சி கொடுத்தார்கள். பிறகு ஆளுக்கு ஒருநாள் மறந்தார்கள். ஒரு சாயங்காலம் வேலாமணி சோற்றுத் தட்டோடு போய்க் கதவைத் தள்ளினாள்.

பொன்னாயி பாயில் படுத்தபடியே அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“மாட்டியிருந்தே தானே?”

வேலாமணி தட்டைக் கீழே வைத்தாள்.

“மாட்டியிருந்தேன்க்கா.”

பொன்னாயி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை தட்டு அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. அடுத்த நாளும் வேலாமணி கொண்டுபோய் வைத்தாள். அன்று பொன்னாயிக்குப் பசி தாங்கவில்லை. தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். வேலாமணி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. துக்கமாவது வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை.

அந்தக் கோடையில் பொன்னாயி தாரிணியிடம் சொல்லிவிட்டாள். என்ன வார்த்தையில் சொன்னாளோ தெரியாது. பெண் நேராக அடுப்படிக்கு வந்தாள்.

“அம்மா, அன்னிக்கு நீ பாத்தியா?”

அவளுக்குப் பொய் சொல்வது கஷ்டமில்லை. வனத்துறைக்குச் சொன்னவள்தான். ஆனால் மகள் மூக்கில் இருந்த அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக இரண்டு கண்களும் அவளை அகலமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

“பாத்தேன்.”

தாரிணி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலாமணி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்: முற்றத்தில் நடந்த நடிப்பை, முந்தானை அடைத்த வாயை. பத்து வயதுப் பெண் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் வேலாமணி தட்டை எடுத்தபோது கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ போகாதே. நான் குடுத்துக்கறேன்” என்றாள். அதிலிருந்து ஆக்குவது அம்மா, கொண்டுபோய்க் கொடுப்பது மகள் என்று ஆயிற்று. பொன்னாயியைத் துடைத்துவிடவும் தலைசீவிவிடவும் தாரிணி கற்றுக்கொண்டாள். சில ராத்திரிகளில் அங்கேயே படுத்துக்கொண்டாள். எதிர் வாசலிலிருந்து அவர்கள் இருவரும் பேசிச் சிரிப்பது வேலாமணிக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். எஸ்டேட் கைமாறியது, இப்போது வேறு பெயரில் இருக்கிறது. வேலாமணி அங்கேயேதான் பறித்தாள். கோயமுத்தூருக்கு மறுபடி கண் காட்டப் போகச் சொல்லியிருந்தார்கள், போகவில்லை. ஒரு கண் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொன்னாயி படுக்கையிலேயே புண் வைத்து, மறு வருஷ மழைக்காலத்தில் செத்துப்போனாள். காரமடை அண்ணன் வந்து முன்னால் நின்றான். தாரிணி உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பெண்கள் அவளைத் தேற்றினார்கள். வேலாமணி எல்லோருக்கும் பின்னால், குழாயடிக்கும் அப்பால், மழையில் நின்றாள். அங்கிருந்தே பொன்னாயியின் முகம் நன்றாகத் தெரிந்தது.